கல்யாணத்துக்குப் பிறகு போய்க்கோ

தமிழ்ப் பெண் ஒருத்தி ஊர் தாண்டிக் கிளம்பினால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘யார் கூட?’ ‘எங்கே?’ என்பது அதற்கப்புறம்தான் வரும். அந்த ‘யார்’ என்ற இடத்தில் அண்ணன் பெயரையோ, கல்லூரிப் பேராசிரியரின் பெயரையோ, நாலு தோழிகளின் பெயரையோ போட்டு நிரப்பிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். ‘நான் மட்டும்’ என்று சொன்னால் சண்டை அப்போதுதான் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்த ‘நான் மட்டும்’ பற்றியது. அதைச் சொல்வதற்கு ஒரு பெண் எந்தக் காரணமும் காட்டத் தேவையில்லை என்பது என் வாதம்.

2022 அக்டோபரில், 24 வயதில், நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்குத் தனியாக நடந்து போய்வந்தேன். அதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். பொக்ராவிலிருந்து நயாபுல் வரை வண்டி. பிறகு காந்த்ருக், சோம்ரோங், சினுவா, பாம்பூ, தோபான், தேவுராலி என்று ஊர் ஊராக நடை. முகாம் இருப்பது 4,130 மீட்டர் உயரத்தில். போக வர ஒன்பது நாள். நான் சம்பாதித்துச் சேர்த்த பணம். வழியெல்லாம் விடுதிகள் இருக்கின்றன; சூடான பருப்பும் சோறும் கிடைக்கும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கும் பாதை அது. சாகசம் என்று பீற்றிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சாகசமெல்லாம் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குள்தான் நடந்தது.

அப்பா மூன்று வாரம் பேசவில்லை. சித்தப்பா, “சாதிசனம் என்ன பேசும்னு யோசிச்சியா?” என்றார். பெரியம்மை, “அங்க என்ன இருக்கு, கல்லும் பனியுந்தான?” என்றாள். அந்த நேரத்தில் கூடி வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. “பொண்ணு சுத்துற டைப்போன்னு கேக்காவ” என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். அதே ஆண்டு சித்தப்பா மகன் நண்பர்களோடு தாய்லாந்து போய்வந்தான். அவனுக்குப் பெண் பார்த்தபோது ‘வெளிநாடெல்லாம் போன பையன்’ என்று அதையே ஒரு தகுதியாகச் சொன்னார்கள். பயணம் ஆணின் ஜாதகத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டுகிறது, பெண்ணின் ஜாதகத்தில் ஒரு கட்டத்தை அடிக்கிறது.

இத்தனை பேரிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அம்மா சொன்னதுதான். அவள் திட்டவில்லை. கெஞ்சலாக, “கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையோட போய்க்கோயேன் பிள்ள” என்றாள். இதைக் கேட்காத பெண் நம்மில் யார்? முடி வெட்டிக்கொள்வதா, வேலை மாறுவதா, கடல் பார்ப்பதா, எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். கேட்க அன்பாக இருக்கும். ஆனால் இதன் பொருள் என்ன? உன் உடம்பு ஓர் அடகுப் பொருள். ஒப்படைக்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. ஒப்படைத்த பிறகு உன்னை வெளியே கூட்டிப்போவதும் போகாததும் வாங்கியவர் பாடு. அம்மாவுக்கும் அவள் அம்மா இதைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் அம்மா பார்த்த ஊர்கள் குற்றாலம், கன்னியாகுமரி, ஒரு தடவை திருப்பதி. மற்றபடி அவள் நகர்ந்ததெல்லாம் கல்யாணத்துக்கு, சாவுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் எப்போதும் வேறு யாரோவாக இருந்தார்கள். பெண் நகரலாம், ஆனால் காரணத்தோடு நகர வேண்டும் என்பதுதான் எழுதாத சட்டம். ‘சும்மா’ என்ற சொல் ஆண்களுக்கு உரியது. “எங்கடே போற?” “சும்மாதான்.” இந்த உரையாடல் தெருமுனையில் ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறது, ஒரு தடவைகூட இரண்டு பெண்களுக்கிடையே நடப்பதில்லை.

இந்தியர்கள் நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போனால் கடவுச்சீட்டு வேண்டும், அது இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 625. அந்த விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்துக்கு இடமில்லை. 18 வயதானால் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம்; அதே அட்டையைக் காட்டி நாட்டின் எல்லையையும் தாண்டலாம். இந்தச் சலுகையை ஏற்க மறுத்த ஒரே எல்லை எங்கள் வீட்டு நடைப்படி.

“பாதுகாப்புக்காகத்தான் சொல்றோம்” என்பார்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2023இல் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் பத்தில் ஆறு பேர் இவர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருத்தி. நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைப் புரட்டுங்கள். பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்துவீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். வெளியில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். எந்த அப்பாவாவது மகளிடம், “கல்யாணம் பண்ணாதே, புள்ளிவிவரம் மோசமாக இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறாரா?

மலையில் ஆபத்து உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பும் பெண்ணுக்கு நான் துரோகம் செய்கிறேன். 2020 ஜனவரியில் தேவுராலிக்கு அருகே பனிச்சரிவில் தென்கொரியர்கள் நால்வரும் நேபாளிகள் மூவரும் இறந்தார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. மீறினால் தலைவலியில் தொடங்கி மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிர் போகலாம். தலைவலி கூடினால் இறங்க வேண்டும், பிடிவாதம் கூடாது. இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. பனிச்சரிவு ஆணா பெண்ணா பார்த்து விழுவதில்லை. 4,000 மீட்டரில் காற்று எல்லோருக்கும் ஒரே அளவுதான் மெலிந்திருக்கிறது.

தேவுராலியில் நான் தங்கிய விடுதியை நடத்தியவர் ஒரு குருங் பெண். கணவர் கத்தாரில் வேலை. அங்கே மூத்த பெண்களை ‘தீதி’ என்பார்கள், நம் ‘அக்கா’ போல. அவரும் கேட்டார்: “எக்லை?” தனியாகவா என்று பொருள். ஆமாம் என்றேன். அவருடைய அடுத்த கேள்வி, “காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?” வெயில் ஏறினால் மேலே பனி இளகும், சரிவு விழும் பகுதியை அதற்கு முன்பே கடந்துவிடு என்றார். ஐந்து மணிக்கு எழுப்பிச் சூடாகத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் ‘தனியாவா?’ என்பதற்குப் பிறகு ஒரு தடை வரும். அங்கே ஒரு வழி வந்தது. அக்கறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்கறை என்றால் தகவலைக் கொடுக்கும், கருவியைக் கொடுக்கும், போகிற நேரத்தைச் சொல்லும். கட்டுப்பாட்டிடம் கொடுக்க எதுவும் இல்லை. நிறுத்த மட்டும்தான் தெரியும்.

நேபாளத்தைப் பெண்களின் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மாதவிடாய்க் காலத்தில் பெண்களைக் குடிசைக்கு ஒதுக்கும் ‘சௌபடி’ வழக்கத்தைக் குற்றமாக்க அந்நாடு 2017வரை காத்திருந்தது. அன்னபூர்ணா சிகரங்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் அந்த உள்வெளியே குருங் மக்களுக்குப் புனித இடம். சிவன் குடியிருக்கும் மலை என்று மச்சபுச்ரே சிகரத்தின் மீது இன்றுவரை ஏற அனுமதியில்லை. முன்பு அந்த உள்வெளிக்குள் முட்டையும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. பெண்களும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் நுழையக் கூடாது. அந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை படியுங்கள். முட்டை, இறைச்சி, பெண், தலித். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்கும். தேவுராலியில் எனக்கு மாதவிடாய் வந்தது. மறுநாள் அந்த உடம்போடுதான் உள்ளே நடந்தேன். பயன்படுத்திய அணையாடைகளைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுச் சுமந்து இறங்கினேன். மச்சபுச்ரே இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பாதையில் இன்று எல்லா நாட்டுப் பெண்களும் நடக்கிறார்கள், எந்தக் கடவுளும் வீடு மாற்றிக்கொண்டு போகவில்லை.

மலையைப் பெண்ணுக்கு மூடிவைப்பது ஒரு நாட்டின் நோய் அல்ல. ஜப்பானின் ஃபூஜி மலையில் 1872வரை பெண்கள் உச்சிக்கு ஏறத் தடை. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1832இல், தகயாமா தத்சு என்ற பெண் ஆண் வேடமிட்டு ஏறிவிட்டார். அதே ஜப்பானில் ஓமினே மலைக்குப் பெண்கள் இன்றும் போக முடியாது. வாயிலில் பலகை இருக்கிறது. 2004 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. பாரம்பரியம் யாருடையது என்று யுனெஸ்கோ கேட்டுக்கொள்ளவில்லை போலும்.

நம் மலைக்கு வருவோம். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பொதிகை தெரியும். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் அகத்தியர் வாழும் மலை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 1,868 மீட்டர். கேரள வனத்துறை ஆண்டுதோறும் சில வாரங்கள் அனுமதிச் சீட்டு கொடுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஆட்களை மேலே விடும். அந்தச் சீட்டு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே கிடைத்தது. பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண் என்பதற்காகத் தடுக்கக்கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். பழங்குடிக் காணி மக்களின் நம்பிக்கை புண்படும் என்று எதிர்ப்பு வந்தது. காணி மக்கள் தங்கள் காட்டில் யாரையும் விடக்கூடாது என்று சொன்னால் அவர்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அரசு சீட்டுப் போட்டு எந்த ஊர் ஆணையும் ஏற்றிவிட்டு, பெண் வந்ததும் மட்டும் பழங்குடி நம்பிக்கையை நினைவுகூர்வதை உரிமைப் போராட்டம் என்று ஏற்க முடியாது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மலைக்கு என் அப்பா போகலாம், நான் போகக்கூடாது என்று என் 20 வயதுவரை ஓர் அரசு சொல்லிக்கொண்டிருந்தது. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரியில் இளம்பெண்களை ஏறவிடாத வழக்கத்தைப் பற்றி அந்த மாவட்டத்துத் தோழிகள் எழுத வேண்டும்.

நம் மரபும் இதில் சும்மா இருக்கவில்லை. கடல் கடந்த பயணம் பெண்ணோடு இல்லை என்று பொருள் கொள்ளப்பட்ட நூற்பா ஒன்று தொல்காப்பியத்தில் உண்டு. சங்க அகப்பாடல்களில் பெண் ஊரைவிட்டுக் கிளம்புவாள். ஆனால் தலைவனோடு, உடன்போக்கில். தனியாகத் திரிந்த பெண்கள் நமக்கு இல்லையா என்றால் இருக்கிறார்கள். ஔவையார் ஊர் ஊராக நடந்தார். ஆனால் கதை என்ன சொல்கிறது? கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளமையிலேயே கிழவியாக்கச் சொல்லி வரம் கேட்டாராம். காரைக்கால் அம்மையார் கயிலாயம்வரை போனார், இமயத்துக்கு. அதற்கு முன் அழகையும் சதையையும் உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது பெரிய புராணம். ஒருத்தி கிழவியாக வேண்டியிருந்தது, ஒருத்தி பேயாக வேண்டியிருந்தது. இளம்பெண்ணின் உடம்போடு, அந்த உடம்பை யாருக்கும் ஒப்படைக்காமலும் ஒழிக்காமலும், ஒருத்தி நடந்துபோகும் கதையை நம் மரபு எழுதாமலேயே விட்டுவிட்டது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

மற்ற ஊர்களில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1975 மே 16 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜுன்கோ தபெய். பணம் கேட்டுப் போன இடத்தில் பிள்ளையை வளர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்; அப்போது அவர் மகளுக்கு மூன்று வயது. அமெரிக்காவின் ஆர்லீன் பிளம் ஒரு மலையேற்றக் குழுவில் சேரப் பார்த்தபோது, பெண்கள் அடிவார முகாம்வரை வந்து சமையலுக்கு உதவலாம் என்ற பதில் கிடைத்தது. அவர் 1978இல் பெண்கள் குழு ஒன்றைச் சேர்த்து, பெண்ணின் இடம் உச்சியில் என்று பொருள்படும் வாசகம் அச்சிட்ட டி-சட்டைகளை விற்றுப் பணம் திரட்டி, 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கே வந்தார். குழுவில் இருவர் உச்சியைத் தொட்டார்கள். அடுத்து முயன்ற இருவர் இறந்தார்கள். ஆண் மலையில் இறந்தால் வீரம் என்பார்கள். பெண் இறந்தால் ‘இவளுக்கு எதற்கு இந்த வேலை’ என்பார்கள். சாகும் ஆபத்திலும் நமக்குச் சம பங்கு கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தனிப் பயணம் என்பது சம்பளம் வாங்கும் நடுத்தரவர்க்கப் பெண்ணின் ஆடம்பரம்தானே? நம் கிராமங்களிலிருந்து தனியாகக் கடல் தாண்டிய பெண்கள் முன்பே இருக்கிறார்கள். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள். அவர்களை யாரும் ‘சோலோ டிராவலர்’ என்று அழைப்பதில்லை. குடும்பத்துக்குப் பணம் வரும் என்றால் பெண்ணைத் தனியாக அனுப்பச் சமூகம் துணிகிறது. அவள் தனக்காகப் போனால்தான் துடிக்கிறது. அரசும் அவர்களை நம்புவதில்லை. குடியேற்ற அனுமதி கட்டாயமான கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்தியப் பெண், 30 வயதாகும் முன் அந்நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது. 2021இல் நேபாளக் குடிவரவுத் துறை, 40 வயதுக்குட்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் முதன்முறை போக குடும்பத்தின் ஒப்புதலும் உள்ளூர் வார்டு அலுவலகக் கடிதமும் வேண்டும் என்று ஒரு விதியை முன்வைத்தது. பெண்கள் காத்மாண்டு தெருவில் இறங்கினார்கள். சட்டவழியை மூடினால் பெண்கள் போவதை நிறுத்துவதில்லை. தரகர்களின் திருட்டு வழியில் போகிறார்கள், ஆபத்து கூடுகிறது. ஆக, மலைக்குப் போகும் என்னையும் வீட்டு வேலைக்குப் போகும் அவளையும் நிறுத்தும் வாதம் ஒன்றே. இருவரும் சேர்ந்துதான் அதை உடைக்க முடியும்.

தோழிகள் சிலர் என்னிடம், “உன் வீட்டுல விடுறாங்க, நீ குடுத்து வச்சவ” என்கிறார்கள். என் வீட்டில் விடவில்லை. நான் போனேன், அவ்வளவுதான். ‘விடுகிற அப்பா’வைக் கொண்டாடும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். அனுமதி கொடுக்கிறவர் நல்லவராக இருப்பது பெரிய விஷயமல்ல. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவரிடம் ஏன் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கேலி செய்யாத தெரு இல்லை. இன்று சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்ததும் ‘ஓசி’ என்று ஏளனம் கிளம்பியது. அந்த ஏளனத்துக்குப் பின்னால் இருந்தது டிக்கெட் கணக்கு மட்டும்தானா? பெண் காசு கேட்காமலேயே நகர முடிகிறது என்ற எரிச்சலும்தான். போன மாசியில் அம்மா அந்தப் பேருந்தில் தனியாகப் பாபநாசம் போய், தாமிரபரணிப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அப்பா எதுக்கு என்று கேட்டதற்கு, “சும்மாதான்” என்றாளாம்.

கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, உங்களுக்கு நான் நேபாளத்தைப் பரிந்துரைக்கவில்லை. நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். வரைபடம் பார்க்கப் பழகுங்கள். முதல் சம்பளத்திலிருந்தே யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். அடையாள அட்டைகளின் அசல் உங்கள் கையில் இருக்கட்டும், அப்பாவின் பீரோவில் வேண்டாம். அடுத்த ஊருக்குத் தனியாகப் பேருந்து ஏறுங்கள். யார் கூட என்று கேட்டால் பொய்ப் பெயர் சொல்லாதீர்கள். எதற்கு என்று கேட்டால் காரணம் தேடாதீர்கள்.